சட்டமன்றத்துலயே பேசிட்டேனுங்க

நம் எம்.எல்.ஏ.விடம் எதைச் சொன்னாலும் அவர் கை சட்டைப் பைக்குத்தான் போகும். மனுவில் கையெழுத்துப் போடப் பேனா எடுக்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள். வருவது செல்போன். "சட்டமன்றத்துலயே பேசிட்டேனுங்க, பாருங்க" என்று திரையை மூக்குக்கு நேராக நீட்டுவார். தொகுதியில் ஆடு காணாமல் போவதைப் பற்றி ஒரு நிமிடம் நாற்பது விநாடி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, தங்கள் வாயிலாக…" என்று தொடங்கும்.

2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்களே, அப்போது ஒட்டிக்கொண்ட வியாதி இது. அதற்கு முன்னால் நம் ஆள் பேசினாரா, தூங்கினாரா என்பது மறுநாள் பேப்பரில் பெயர் வந்தால்தான் தெரியும். இப்போது பேசியதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது. ஆடு காணாமல் போனதற்குத்தான் ஆதாரம் கேட்கிறார்கள்.

எங்கெல்லாம் காட்டுவார் என்று கேட்காதீர்கள். காதுகுத்து விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு, ரசம் வருவதற்குள் ஒரு முறை ஓட்டிவிடுவார். ரேஷன் கடை திறப்பு விழாவில் பருப்பு வாங்க நின்ற வரிசைக்கே காட்டினார். இழவு வீட்டிலும் காட்டியிருக்கிறார், சத்தத்தைக் குறைத்து வைத்து.

மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா வந்திருந்தார். அந்தப் பக்கமெல்லாம் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை பொய்த்த வருஷத்திலும் அதை நம்பித்தான் ஆடு வளர்க்கிறார்கள். திருட வருகிறவர்களும் அதை நம்பித்தான் வருகிறார்கள். பின்சீட்டைக் கழற்றிப்போட்ட கார் ஒன்று போதும். வாயைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டால், விடிவதற்குள் ஆடு வேறு மாவட்டத்துச் சந்தையில் நிற்கும்.

"நாலு உருப்படிங்க சாமி. ஒண்ணு சினையாடு" என்றார் ஆத்தா.

கை பைக்குப் போனது. ஆத்தா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். முடிந்ததும், "நல்லாத்தான் பேசறீங்க. ஆடு எப்பங்க வரும்?" என்றார்.

நம் ஆள் வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

அந்த வீடியோ எங்கே முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "…அரசு ஆவன செய்யுமா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்பி அமர்கிறேன்." உட்காருகிறார், பக்கத்து இருக்கைக்காரர் மேஜையைத் தட்டுகிறார், அத்தோடு சரி. அறிய விரும்பினாரே, அறிந்தாரா? அமைச்சர் எழுந்து சொன்ன பதிலைத் தொகுதியில் ஒருவரும் பார்த்ததில்லை. பொறுக்கமாட்டாமல் முழுப் பதிவையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். தலைவருக்கு நன்றி, தலைவரின் தந்தைக்கு நன்றி, மாவட்டச் செயலாளருக்கு நன்றி, தொகுதியின் பண்டைப் பெருமை, அவைத்தலைவரின் "கேள்விக்கு வாங்க", இத்தனையும் தாண்டித்தான் ஆடு வருகிறது. குறிப்பான புகார்களை உறுப்பினர் எழுதிக் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது பதில். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "அதான் சட்டமன்றத்துலயே…" என்று கை மறுபடி பைக்குப் போனது.

அவர் பாடும் கஷ்டம்தான். காவல் துறை பெரும்பாலும் முதலமைச்சர் கையிலேயே இருக்கிற துறை. ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு திருட்டு என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? எதிர்வரிசையில் இருந்த ஐந்து வருஷமும் சட்டம் ஒழுங்கு சந்தி சிரித்தது. இந்தப் பக்கம் வந்ததும் தமிழகம் அமைதிப் பூங்காவாகிவிட்டது. அந்தப் பூங்காவில் ஆடுகள் மட்டும் அவ்வப்போது தென்படாமல் போகின்றன என்பதை, யாரையும் குறை சொல்லாமல் சொல்ல வேண்டும். வீடியோவில் ஓர் இடத்தில், "ஆடுகள் தாமாகவே இடம்பெயர்கின்றனவோ என்ற ஐயம் விவசாயிகளிடையே எழுந்துள்ளது" என்கிறார். இதைவிட நாசூக்காக யாரும் திருட்டைப் பற்றிப் பேசியதில்லை.

ஆடு என்றதும் அவையில் ஒரு சிரிப்பு எழுகிறது. வீடியோவில் அதையும் விட்டுவைத்திருக்கிறார்கள், கலகலப்புக்காக. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 2021 நவம்பரில் நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடர்களைப் பைக்கில் தனியாக விரட்டிப் போய், கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அதுவும் வெறும் ஆட்டு விவகாரம்தான்.

கடைசிப் பத்து விநாடி சாலைக்கு. பைபாஸில் "சில இளைஞர்கள்" சைலன்சரை மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம். காஞ்சிபுரம் பக்கம் 2023இல் அப்படித் தூக்கி விழுந்த யூடியூபரின் லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு முடக்கினார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் என்று 2019இலேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. அதையெல்லாம் சொல்லி ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம். போடமாட்டார். வீடியோவை வெட்டி ஒட்டி, பின்னணியில் உறுமி மேளம் சேர்த்துக் கொடுத்த தம்பியின் வண்டி பைபாஸில் திரும்பினாலே எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். தலைவர் பிறந்தநாள் பேரணிக்கு முன்னால் போவதும் அந்த வண்டிதான்.

எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் வேறு. என் தோட்டத்தில் போர் மோட்டாரிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டி வரைக்கும் போன வயரை அறுத்துக்கொண்டு போனார்கள். தோலை எரித்துத் தாமிரத்தை எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டால் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? எனக்குத் தக்காளி காய்ந்தது. இலவச மின்சாரம் கம்பம் வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே வர வயர் இல்லை. ஸ்டேஷனில் மதிப்பு எவ்வளவு என்றார்கள், யோசித்துச் சொல்லச் சொன்னார்கள். எதற்கு யோசனை என்று பிறகுதான் புரிந்தது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் வழக்குப் பதிய வேண்டியதில்லை. ஒரு ரசீதோடு அனுப்பிவிடலாம். கோழி, வயர், ஆட்டுக்குட்டி, கிராமத்தில் திருடு போவதில் பாதி அந்தக் கோட்டுக்குக் கீழேதான். இதையல்லவா அவர் எழுந்து கேட்டிருக்க வேண்டும்? டெல்லிச் சட்டம்தான், தெரியும். கேட்டால் குறைந்தா போய்விடுவார்?

வயர் போன வீட்டில் அடுத்த ராத்திரி தூக்கம் வராது. 2024 நவம்பரில் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொலை, அடுத்த வருஷம் சிவகிரிப் பக்கம் ஒரு வயதான தம்பதி. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் நாய் குரைத்தால் கிழவர்கள் லைட்டைப் போடுவதில்லை, அணைக்கிறார்கள்.

போன மாதம் அவர் தோட்டத்து வயரும் போய்விட்டது. ஆள்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். முதல் முறையாகக் கை பைக்குப் போகவில்லை. "எம்.எல்.ஏ. தோட்டத்துலயே திருட்டுன்னு பேப்பர்ல போட்டுருவானுங்க. விடுங்க, புது வயரே வாங்கிட்டேன்" என்றார் தணிந்த குரலில். பாவமாகத்தான் இருந்தது. ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுக்கிற மனுஷர். எடுத்து என்ன சொல்வார் என்பதுதான் நமக்குத் தெரியுமே.

நேற்று அவரே கூப்பிட்டார். அடுத்த கூட்டத்தொடரில் துணைக்கேள்வி கிடைக்கும் போலிருக்கிறது, தொடங்குவதற்கு ஆடு வருகிற மாதிரி ஒரு குறள் வேண்டுமாம். 486 இருக்கிறது, சண்டைக்கடா பாய்வதற்காகப் பின்வாங்குவதைச் சொல்கிறார் வள்ளுவர் என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பின்வாங்குதுங்களா? அது வேண்டாமுங்க, எதிர்க்கட்சிக்காரன் புடிச்சுக்குவான். முன்னால போற ஆடு ஏதாவது இருக்குதான்னு பாருங்க" என்றார்.