நெகிழ்ச்சியார்

பெற்றோர் வைத்த பெயர் வேறு. வார இதழ் அலுவலகத்தில் பிழை திருத்துகிற நாங்கள் வைத்த பெயர் இது. அவருடைய கட்டுரைகளில் யாரும் சும்மா பேசுவதில்லை, நெகிழ்கிறார்கள். திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர் நெகிழ்ந்தார். பத்தமடையில் பாய் முடைகிறவர் நெகிழ்ந்தார். ஒருமுறை வட்டாட்சியரே நெகிழ்ந்துவிட்டார். இது கொஞ்சம் ஓவர் என்று பட்டதால் ‘கூறினார்’ என்று திருத்தினேன். மறுநாள் என் மேசைக்கு வந்து, “தம்பி, உங்களுக்கு மனுஷத்தன்மை கம்மி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் குறிப்பேடு ஒன்று, மூடியில்லாத பேனா இரண்டு, பயணப்படிக்காகச் சேர்த்து வைத்த பஸ் டிக்கெட்டுகள் ஒரு கற்றை. பெரும்பாலும் தனியாகத்தான் ஊருக்குப் போவார். ஆனால் கட்டுரையில் எப்போதும் ‘நாம்’தான். நாம் சென்றபோது அவர் பரபரப்பாக இருந்தார், நம்மைக் கண்டதும் இன்முகத்துடன் வரவேற்றார், கனத்த மனதுடன் விடைபெற்றோம். இந்த மூன்றும் ஆயத்தமாக இருக்கும். நடுவில் ஊர்ப்பெயரையும் தொழிலையும் செருக வேண்டியதுதான் பாக்கி.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாப் பத்திரிகைகளும் எழுதித் தீர்த்து, ஆறிப்போய், இரண்டு வருஷம் கழித்து நெகிழ்ச்சியார் புறப்பட்டார். போட்டோகிராபர் லீவு. கேமராவை என் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். பஸ் சாத்தூரைத் தாண்டுவதற்குள் முதல் பத்தி முடிந்துவிட்டது. “கரிசல் காட்டின் மீது செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டிய அந்த இனிய காலைப் பொழுதில்...” நாங்கள் போய் இறங்கியபோது மதியம் மணி இரண்டரை.

பட்டறையில் மண்டை வெல்லப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கிண்டுகிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி எடுத்து, தட்டின் விளிம்பில் போட்டார். காதைச் சாய்த்துக் கேட்டார். “இன்னும் வரல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு சொட்டு. இந்தத் தடவை ‘டங்’ என்றது. அவ்வளவுதான். வறுத்துத் தோல் நீக்கிய கடலை பாகில் விழுந்தது, கிளறி பலகையில் கொட்டினார்கள், கட்டையால் பரத்தினார்கள், சூடு ஆறுமுன் கத்தியால் கீறினார்கள், ஒரு பையன் மேலே கலர் தேங்காய்ப்பூ தூவினான். அந்த ‘இன்னும் வரல’ தவிர அதுவரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. படம் எடுக்க எனக்கே மறந்துபோயிற்று.

நெகிழ்ச்சியார் அந்த நேரம் முதலாளியிடம் அவருடைய தாத்தாவின் படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, அடுத்த சட்டி ஏறுகிற சமயத்தில் வந்தார்.

“அம்மா, இத்தனை வருஷமா இனிப்பு செய்றீங்க. வாழ்க்கை கசந்தது உண்டா?”

“அத ஏன் கேக்கீக. பதம் தப்புனா பல்லுல ஒட்டும். தள்ளி நில்லுங்க, பாகு தெறிச்சிரும்.”

அச்சில் வந்தது இது: “‘ஊருக்கு இனிப்பு தருகிற எங்கள் வாழ்வில் கசப்பும் உண்டு. ஆயினும் மக்களின் புன்னகையே எங்கள் ஊதியம்’ என்று கண்கள் பனிக்க நெகிழ்கிறார்.” கண் பனித்தது என்னவோ உண்மைதான். அடுப்புப் புகை.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர். அந்தச் சின்ன ஊருக்கு இரண்டு சாகித்ய அகாடமி விருது. அதிலும் கி.ரா., கரிசல்காட்டு ஜனங்கள் வாயில் புழங்குகிற சொற்களைத் திரட்டி அகராதியே போட்டவர். இதெல்லாம் நெகிழ்ச்சியாருக்குத் தெரியாதா என்ன? பெட்டிச் செய்தியாகவே எழுதியிருந்தார். அந்தப் பெட்டிக்கு நேர் பக்கத்தில்தான் பட்டறை அம்மா பாடப்புத்தகத் தமிழ் பேசுகிறார்.

‘டங்’ சத்தத்தை நான் திருத்துகிற சாக்கில் நுழைத்துப் பார்த்தேன். அடித்துவிட்டார். “தம்பி, அது சமையல் குறிப்பு.”

அவரைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு ஒரு விளம்பரம் ரத்தாகி, இரண்டு பக்கம் வெள்ளையாக நிற்கும்போது யாரைக் கூப்பிடுவது? பெரிய எழுத்தாளர்கள் அந்த நேரத்தில் போனை எடுப்பதில்லை. “அண்ணே, எட்டு மணிக்குள்ள” என்றால் ஏழே முக்காலுக்குக் கட்டுரை வந்துவிடும், பெட்டிச் செய்தியோடு. அதனால்தான் ஆசிரியர்கள் மாறினாலும் அவர் மாறவில்லை.

இதழ் வெளியான வாரம் பட்டறையிலிருந்து போன் வந்தது. அந்த அம்மாதான். “ஐயா, நான் அப்படியா பேசுனேன்? எம் பேத்தி வாசிச்சுக் காட்டிட்டு விழுந்து விழுந்து சிரிக்கா.” விஷயத்தை நெகிழ்ச்சியாரிடம் சொன்னேன். “பார்த்தீங்களா, மூணு தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு” என்றார்.

அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. முதல் பத்தி தயார் என்று கேள்வி. அதன்பிறகு உங்கள் ஊராகவும் இருக்கலாம். ஜோல்னாப் பையோடு ஒருவர் வந்து, வாழ்க்கை கசந்ததுண்டா என்று கேட்டால் தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள். கரண்டியை அவர் கையில் கொடுத்துக் கொஞ்ச நேரம் கிண்டச் சொல்லுங்கள்.