பாய்க்கடையில் தீபாவளி

கேள்வி: தீபாவளிப் பரிசையெல்லாம் செல்போனிலேயே வாங்கி அனுப்பிவிடலாம் என்கிறாள் மகள். இன்னும் கடை கடையாக ஏறி இறங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஏறித்தான் ஆக வேண்டும் அம்மா. அதுவும் பத்தமடையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா! மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாய்க்கடையில் உட்காருங்கள். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல்நூலாகக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்த பட்டுப்பாய். கடைக்காரர் விரித்ததும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், புடவை மாதிரி வழுக்கும். செல்போனில் எந்தப் பாயைத் தடவினாலும் கண்ணாடிதான் தட்டுப்படும்.

சொந்தத்தில் யாருக்காவது தலை தீபாவளியா? பெண், மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். ஐப்பசி பிறந்தபிறகு ஓடினால் நடக்காது, இப்போதே சொல்லிவையுங்கள்.

குழந்தைகளுக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய். வெல்லப்பாகின் பதம் கொஞ்சம் தப்பினாலும் பல்லில் ஒட்டும். பதம் அறிந்த கை செய்ததோ 'மொடக்'கென்று உடையும். பழகிய கடையில் கேட்டால் ஒரு துண்டு உடைத்துத் தருவார்கள். எந்த ஆப் உங்களுக்கு மிட்டாய் ருசிகாட்டியிருக்கிறது?

ஒரே ஒரு வேண்டுகோள். மிட்டாய்க் கடையில் எப்படியோ, பாய்க்கடையில் பேரம் பேசாதீர்கள். நயமான பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகிறது.