கறள் பிடிச்ச மரையாணி

தம்பி, இஞ்சை வா. லாப்டொப்பைக் கழட்டுறன் எண்டு ஆணித்தலையை வழுக்கையாக்கிப் போட்டியாம், இறங்குதுறை வரைக்கும் கதை வந்திட்டுது. மரை கழண்டது ஆணிக்கோ, உனக்கோ?

முழுப் பிழையும் உன்னிலை இல்லை. குறிகட்டுவானிலை வள்ளம் ஏறி நெடுந்தீவுக்கு வந்து சேர முதல் நாங்களே உப்பிலை ஊறிப் போறம். அந்தப் பெட்டிக்குள்ளை விசிறி ஒண்டு இருந்து நாள் முழுக்க உப்புக்காத்தைக் குடிக்குது. இரும்பாணி, அலுமினியத் தகடு, நடுவிலை உப்பீரம்: அலுமினியம் வெள்ளையாய்ப் பூத்து ஆணியை இறுக்கிப் பிடிச்சிடும். எங்கட பெரியாக்கள் வலு கெட்டிக்காரர். முருகைக்கல்லை அடுக்கி வேலி கட்டினவை, சாந்துமில்லை, ஆணியுமில்லை.

வள்ளத்து இஞ்சினோடை நாப்பது வருசம் மல்லுக்கட்டினவன் சொல்லுறன், கேள். முதல் கறன்ரை நிப்பாட்டி, பற்றறியைக் கழட்டு. அது உள்ளுக்கை எண்டால் நிப்பாட்டினது காணும், ஆனால் சூடு காட்டப்படாது. பிலிப்ஸ் எண்ட அமெரிக்கன் 1936 இலை காப்புரிமை எடுத்த அந்தச் சிலுவைத்தலை, கனக்க முறுக்கினால் நுனியை மேலை தள்ளிவிடும். நீயோ மேசைக் கொம்பியூட்டருக்குப் பாவிக்கிற இரண்டாம் நம்பரைக் குறுணி ஆணியிலை ஏத்தியிருக்கிறாய். அதுக்குப் பூச்சிய நம்பர் வேணும். செங்குத்தாய் வைச்சு, அமத்துறது முக்கால், திருப்புறது கால்.

அப்பாச்சியின்ர தேங்காயெண்ணெயைத் தொடாதை. அது கறளுக்குள்ளை இறங்காது, தூசியைத்தான் சேர்க்கும். கறள் இளக்கிற எண்ணெயை ஊசிநுனியிலை தொட்டு ஒரு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி விடு. டபிள்யூடி-40 எண்ட எண்ணெயிலை அந்த 40 என்னெண்டு தெரியுமோ? நாப்பதாந் தரம்தான் அவங்களுக்குக் கலவை சரிவந்தது. நீ மூண்டாந் தரத்திலை சுத்தியலைத் தேடுறாய்!

விடிய, இறுக்கிற பக்கம் மயிரிழை திருப்பிப்போட்டு, பிறகு கழட்டிப் பார். மரையிலை நீலப்பசை பூசியிருந்தால், பற்றறியைக் கழட்டின பிறகு ஈயம் உருக்கிற கோலை ஆணித்தலையிலை கொஞ்சநேரம் வை, இளகும். தலை தேஞ்சிருந்தால் அகலமான றப்பர் வளையத்தை வைச்சு அமத்து. தலை வெளியிலை நீட்டினால் குறடு போதும். அரத்தாலை கோடு கீறாதை, தூள் உள்ளை விழுந்தால் மின்சுற்றுப் பலகை எரியும்.

கழட்டினதை எண்ணிச் சிரட்டையிலை போடு. போனமுறை ஒருத்தன் எல்லாம் பூட்டி முடிச்சுப்போட்டு, நாலு ஆணி லாபமெண்டு எனக்குக் கொண்டுவந்து காட்டினவன்.