பட்டியலில் இல்லாத ஆள்

ஊருக்கு ஊர் சண்டியன் இருப்பான். எங்கட கிழக்கிலங்கைக் கரையோரத்தில் சண்டியனை விடக் கவிஞன்மார்தான் கூட. பெரியநீலாவணையில் நீலாவணன், மருதமுனையில் மருதூர்க்கொத்தன், கல்முனைக்குடியில் எம்.ஏ. நுஃமான். 1969இல் நுஃமான் 'கவிஞன்' என்று கவிதைக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். மீன் சுற்றக்கூடத் தாள் காணாது என்று யாராவது காக்கா பகிடி பண்ணியிருந்தால் வியப்பில்லை.

1981க்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நேரம். கொழும்பிலிருந்து சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரண்டு அமைச்சர்மார் வந்து தங்கியிருக்க, பொலிஸ்காரர் இறங்கி நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வாழ்நாளில் ஒரு புத்தகமும் விரிக்காத ஆட்களுக்குப் புத்தகத்தோடு அப்படி என்ன பகையோ!

நுஃமான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். வேறு ஆளென்றால் ரத்தம் கொதிக்கிறது என்று எழுதியிருப்பார். (அந்தக் காலத்தில் ரத்தம் கொதிக்காத கவிதை குறைவு.) இவர் 'புத்தரின் படுகொலை' என்று ஒரு கனவை எழுதினார். சிவில் உடைக் காவலர் புத்தரையே சுட்டுவிடுகிறார்கள். மையத்து நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது. இருட்டோடு வந்த அமைச்சர்மாருக்குப் புத்தர் மவுத்தானது கவலையில்லை. பட்டியலில் பெயரில்லாத ஆளை ஏன் சுட்டீர்கள் என்பதுதான் விசாரணை! பிறகென்ன, புத்தகங்களைக் குவித்து மூடி எரிக்கிறார்கள். புத்தரின் வாக்கான தம்மபதமும் சேர்ந்தே சாம்பல், அதுவும் பௌத்தத்தைக் காக்க வந்தவர்கள் கையால். கல்முனைக்குடி முஸ்லிம் ஒருவர் தமிழில் புத்தருக்கு ஜனாஸா நடத்திய கதை இது.

அதே ஆண்டில்தான் அவருடைய மொழிபெயர்ப்பில் 'பலஸ்தீனக் கவிதைகள்' வந்தது; பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் எங்கட ஆட்களோடு தமிழில் கதைக்கத் தொடங்கினார்.

நூலகத்துக்காக அழுத அதே யாழ்ப்பாணத்தில், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அங்கேயும் பட்டியல்தான். ஆள் பேர் எழுதுகிற சிரமம் இல்லை, சமூகத்தின் பெயர் ஒன்றே போதுமாயிருந்தது.

கவிஞரின் கனவை நனவு முந்த 37 வருடம் பிடித்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றின் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூட்டம் கூடிற்று. சிங்களம் ஒழுங்காக வராத காசாளரை மடக்கிக் கேட்க, பயத்தில் அவர் ஓமென்று தலையாட்ட, அது வீடியோவாகி நாடு சுற்றிற்று. கடையும் உடைந்தது, பள்ளிவாசலும் அடிபட்டது. எந்த வைத்தியருக்கும் தெரியாத மருந்தை ஒரு குசினி கண்டுபிடித்ததென்றால் நோபல் பரிசு நேரே அம்பாறைக்கு வந்திருக்க வேண்டும்! கட்டியை அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பினார்கள். ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதித்து அறிக்கையும் கொடுத்தார்கள்.

மாவு.