மட்டாஞ்சேரி மந்தநடை: ஓர் ஆய்வு

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஃபோர்ட் கொச்சியின் வாஸ்கோ சதுக்கத்தில் புறப்பட்டு மட்டாஞ்சேரி யூதத் தெரு சேர ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அதைக் கால்நடையாக எவ்வளவு தாமதமாகக் கடக்கலாம் என்பதே கேள்வி. விரைவாகக் கடப்பது பற்றி ஆராய ஒன்றுமில்லை. அதற்கு ஆட்டோ இருக்கிறது.

இத்துறையின் முன்னோடிகள் ஆங்கிலேயர். ஆற்றங்கரையில் ஒரு பழைய கிராமம், அதில் ஒரு பழைய மாதாகோவில், பக்கத்தில் ஒரு மதுக்கடை. இவற்றை நோக்கி ஞாயிறுதோறும் வயல்வரப்பில் நடப்பதை அவர்கள் கலையாகவே வளர்த்தார்கள். நமக்கு ஆற்றுக்குப் பதில் காயல். மாதாகோவில் விஷயத்தில் நாம் ஒரு படி மேல். இங்குள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தைப் போர்த்துகீசியர் கத்தோலிக்கக் கோவிலாகக் கட்டினார்கள், டச்சுக்காரர் சீர்திருத்தச் சபைக்கு மாற்றினார்கள், ஆங்கிலேயர் ஆங்கிலிக்கன் ஆக்கினார்கள், இன்று அது தென்னிந்தியத் திருச்சபையிடம். 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். போர்ச்சுகலுக்கு அவர் எலும்புகள் போய்ச் சேர்ந்தது 1539இல். இவ்வூரிலிருந்து மெதுவாகக் கிளம்பியவர்களில் அவரே தலைமாணாக்கர்.

இனி முதற்பொருள். நிலம் நெய்தல், இதில் அறிஞரிடையே சண்டை இல்லை. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று இலக்கணம் விதித்திருப்பதால், வெயில் சாயும் நேரமே நடைக்கு உகந்தது. விதியை மீறி நண்பகலில் கிளம்பியவர்கள் வழியிலுள்ள கல்வத்தியைத் தாண்டுவதற்குள் சட்டை முதுகில் ஒட்ட, வந்ததை எண்ணிப் புலம்புவார்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவோர் வேறு துறைக்குப் போகலாம்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை திறக்காது, சனிக்கிழமை யூதத் தெருவின் யூதர் ஆலயம் திறக்காது. ‘அப்படியானால் ஞாயிறு போகலாமே’ என்பார் ஒரு சாரார். அவர்கள் இடம் பார்க்க வந்தவர்கள். அவர்களை மந்தநடையர் என்று கொள்ள முடியாது. பூட்டிய கதவை நோக்கி அவசரமாக நடக்க யாராலும் முடியாது என்பதால், வெள்ளியும் சனியுமே உத்தமம் என்பது இவ்வாய்வாளன் கட்சி.

எல்லை பற்றி ஒரு வார்த்தை. 1956 வரை ஃபோர்ட் கொச்சி, சென்னையிலிருந்து ஆளப்பட்ட மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்வத்திக்கு அப்பால் மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுடையது. அவர் சமஸ்தானம் 1949இல் திருவிதாங்கூரோடு சேரும்வரை அப்படித்தான். ஆக, நம் தாத்தா இந்த நடையை மேற்கொண்டிருந்தால் சென்னை ராஜதானியில் சாயா குடித்துவிட்டு, கிளாஸ் சூடு கையை விட்டுப் போவதற்குள் வேற்று ராஜ்ஜியத்தில் கால் வைத்திருப்பார். இரண்டு நகரசபைகளும் எறணாகுளத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது 1967இல்தான்.

கடைத்தெரு தொடங்கும் இடத்தில் ஆய்வு சூடு பிடிக்கிறது. காயலுக்கு முதுகு காட்டி வரிசையாக நிற்கும் கிட்டங்கிகள். பின்வாசலில் வள்ளத்துக்கும் முன்வாசலில் வண்டிக்குமாகக் கட்டியவை. இங்கே நடையின் வேகத்தைக் கால் தீர்மானிப்பதில்லை, மூக்கு தீர்மானிக்கிறது. சுக்குக் கிட்டங்கியின் முன் ஒருவர் தானாக நிற்பார். மிளகு மூட்டை பிரித்த இடத்தில் தும்மலுக்காக நிற்பார். ஏலக்காய் வந்தால் கண்ணை மூடுவார். எதிரே லாரி வருவதால் திறப்பார். அரிசி, வெங்காயக் கடைகளின் முன் வேகம் கூடுவதால், எல்லா வாசனைக்கும் ஒரே தடைத்திறன் இல்லை என்பது பெறப்படும். மேற்படி தடைகளோடு ஆடுகளையும் சேர்க்க வேண்டும். மட்டாஞ்சேரி ஆடு வழிவிடுவதில்லை. அது ஊர்க்காரர், நாம் வரத்து.

பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டே வரும் ஆட்டோக்காரர் தனி வகை.

“அண்ணா, ஜூ டவுன்? அம்பது ரூபா மதி.”

“வேண்டாம் சேட்டா, நடக்கிறேன்.”

“நடந்நா எப்போ எத்தும்?”

இதுவே இக்கட்டுரையின் ஆதாரக் கேள்வி என்பதையும், அவர் அதை நம்மைவிடச் சுருக்கமாகக் கேட்டுவிட்டார் என்பதையும் ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

இனிப் பூர்வபக்கம்: ‘இதெல்லாம் சோம்பல்.’ மறுப்பு: இவ்வூரே காத்திருப்பால் ஆனது. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் முசிறியின் முகத்துவாரத்தைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்தது என்பது வழிவழிச் செய்தி. அதன்பின் வந்த கப்பல்காரன் பருவக்காற்றோடு வந்தான். காற்று திரும்பினால்தான் அவனும் திரும்ப முடியும். அதுவரை மாதக்கணக்கில் மிளகுக்கு விலை பேசிக்கொண்டு, நிழல் பக்கமாக நடந்துகொண்டு இருந்தான். காற்றுக்காகத் தங்கியவனைப் பார்த்து வேறு காரணங்களுக்காகவும் ஆட்கள் வந்தார்கள்: போர்த்துகீசியரின் கோவாவிலிருந்து தப்பிய கொங்கணியர், கட்ச் மேமன்கள், குஜராத்தி வணிகர், சமணர். வெளி என்னும் இடத்தில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார்களின் தோபிகானாவில் இன்றும் நம் பேச்சு காதில் விழும். இவர்களில் யாரையும் சீக்கிரம் போகச் சொல்லி ஊர் துரத்தவில்லை. மந்தநடை சோம்பல் என்றால் இத்தனை பேருடைய சரித்திரமும் சோம்பலே.

அரண்மனையைச் சுருக்கமாக முடிக்கலாம். போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டி அரசருக்குக் கொடுத்தது, டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. பாடுபட்டவனைவிடப் பழுதுபார்த்தவனுக்குப் பெயர் கிடைப்பது உலக வழக்கு. சுவரில் ராமாயணம் தீட்டியிருக்கிறார்கள். அங்கே நேரம் தானாகப் போகும்.

யூதர் ஆலயம் 1568இல் எழுந்தது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். சரிபார்க்கக் குனிந்தவர்களை மூடும் நேரத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இஸ்ரேல் பிறந்தபின் பெரும்பாலான குடும்பங்கள் அங்கே போய்விட்டன. தெருவில் இன்று கடை விரித்திருப்பவர்களில் பலர் காஷ்மீரிகள். அவர்களும் ‘சும்மா பாருங்கள்’ என்றுதான் அழைக்கிறார்கள். சும்மா பார்ப்பதற்கு அரைமணி பிடிக்கும். இதே தெருவில்தான் தரகர்கள் கூவிக் கூவி மிளகுக்கு முன்பேரம் பேசினார்கள். கணினி வந்து அந்தக் கூச்சலை நிறுத்தியது. வேகம் இவ்வூரில் சாதித்தது அவ்வளவுதான்.

ஆலயத்தின் மணிக்கூண்டு 1760இல் எசக்கியேல் ரஹபி கட்டியது. அதன் முகங்கள் ஒரே எண்ணில் மணி காட்டுவதில்லை: ஒன்றில் எபிரேயம், ஒன்றில் ரோமன், ஒன்றில் மலையாளம். தாமதமாக வந்தவர் தமக்குப் படிக்கத் தெரியாத முகத்தைப் பார்த்துக்கொள்வது மரபு.

மேலாய்வு செய்ய விரும்புவோர் ஜூன், ஜூலையில் வரவேண்டாம். பெருமழையில் கடைத்தெருவில் தண்ணீர் நிற்கும். அப்போது மெதுவாக நடப்பது யாருக்கும் திறமை ஆகாது.