5 விநாடியில் உர அட்டவணை

கேள்வி: வேளாண் கூட்டத்துக்குத் தயாரித்த பவர்பாயிண்ட் ஸ்லைடுகளை அப்படியே வீடியோவாக்கி, எங்கள் ஊர் கேபிள் சேனலில் ஓட்டினால் போதாதா?

பதில்: வீடியோ கிடைக்கும், பார்க்கத்தான் ஆள் கிடைக்காது. நேரம் குறிக்காவிட்டால் பவர்பாயிண்ட் ஒரு ஸ்லைடுக்கு 5 விநாடிதான் தரும். 12 வரி உர அட்டவணையை அதற்குள் யார் படிப்பது? டெல்டா விவசாயி காதால் கேட்டே கற்றுத் தேர்ந்தவர். 1960களில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சை வயல்களுக்குக் கொண்டு சேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. ஒரு ஸ்லைடுகூடத் தேவைப்படவில்லை! ஆகவே முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள். பேச்சு முடியும் இடத்தில் ஸ்லைடு மாறட்டும்.

‘வானொலிக்குப் படம் கிடையாது, நமக்கு இருக்கிறதே’ என்பீர்கள். நியாயம்தான். நெல் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல், இலை நுனியருகே வைக்கோல் நிற ரோமம் போர்த்திக் கிடப்பதை எவ்வளவு சொன்னாலும் புரியாது, காட்டத்தான் வேண்டும். அந்தப் படம் திரை முழுக்க, தன் நாற்றங்காலில் விவசாயி அடையாளம் காணும் அளவுக்கு நிற்கட்டும். சாதாரண கேபிள் படம் 576 வரிகளே கொண்டது. பொடி எழுத்து அதில் கரைந்துவிடும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், இருபது ஸ்லைடில் நான்கை மட்டும் எடுங்கள். முட்டையுள்ள இலை நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்லும் ஒன்றை மட்டுமே நடவுக் காலம் முழுக்க ஓட்டலாம்.