மிதியியல்: ஏறாவூர் மரபு பற்றிய ஒரு பூர்வாங்க ஆய்வு

மிதியியலை இதுவரை ஆராய்ந்தோர் அனைவரும் பின் ஆசனத்தில் இருந்தே ஆராய்ந்துள்ளனர். ஆதலால் அவர்தம் முடிவுகளில் நடுநிலை மிகுதி. இக்குறையை நீக்கவே ஏறாவூரைக் களமாகக் கொண்டு இவ்வாய்வு எழுந்தது.

கால்நுட்பம் நான்கு வகைப்படும். மூன்றாவதன் சுவடி கிடைத்திலது.

முதலாவது அரைக்கிளச். இடக்காலை மெதுவாக எடுத்துவர, எஞ்சின் ஒருதரம் முனகிப் பொனட் இலேசாக நிமிரும் இடமே அது. அங்கே காலைப் பிடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை விட்டால் மேட்டிலும் வாகனம் பின்னுக்கு உருளாது. சிக்கல் யாதெனில், வாவிக்கரை ஊரில் மேடு இல்லை. ரயில் கடவை சற்றே உயரந்தான். அதன்மேல் நின்று பழகுவதை ரயில் விரும்பாது. எனவே செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பி, லுணுகலை ஏற்றம்வரை யாத்திரை போய், கிளச் பிளேட் கருகும் மணத்தோடு தேர்ச்சி பெற்று மீள்க. அம்மணத்தை வாப்பா செலவு என்பார். கராஜ் பாஸ் வரவு என்பார். இருவர் உரையும் கொள்ளத்தக்கன.

இரண்டாவது, வலது முன்பாதம் பிரேக்கில் இருக்க, அதே காலின் குதியால் அக்சிலேட்டரைத் தட்டுதல். சாரனும் பாட்டாவும் அணிந்தோர்க்கு இது விலக்கு.

எஞ்சியது இரட்டைக் கிளச். கியரைக் குறைக்கையில் கிளச்சை அமுக்கி நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி அமுக்கிக் கீழ்க் கியரைப் போடுதல். உள்ளே பற்சில்லுகளின் வேகம் ஒத்துவரவே இத்தனை பாடு. 1928இல் கடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தபின் இவ்வித்தையின் தேவை குறையலாயிற்று. அதே 1928இல்தான் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. இவ்விரண்டும் தொடர்புடையன என்று நிறுவ ஒரேயொரு தடை உண்டு: ஆதாரம் இல்லை. ஆதாரமின்மை தொன்மையின் அடையாளம் என்பது நம் ஆய்வுலகம் நெடுநாளாகப் போற்றிவரும் நெறியாதலின் மேற்செல்வோம்.

இரட்டைக் கிளச் பிறந்தது ஏறாவூர்க் கைத்தறியிலேயே என்பது எமது துணிபு. நெசவாளர் ஒரு மிதியை அமுக்கப் பாவிழை பிரியும், நாடா பாயும், காலை எடுத்து மறுமிதியை அமுக்குவார். அமுக்கு, இடைவெளி, அமுக்கு. காலை எடுக்கும் அவ்விடைவெளி நியூட்ரல் அன்றி வேறென்ன? மேலைநாட்டார் இதைத் திருடவில்லை என்பதற்கு இதுவரை எவரும் சான்று காட்டினாரல்லர்.

எமக்கோ சான்று உண்டு. கராஜ் ஒன்றின் சுவரில் கிறீஸ் விரலால் பொறித்த கல்வெட்டு, 'கிளச் பிளேட் 1, பாக்கி' என்கிறது. 'பாக்கி' மூலபாடம் என்பது பாஸ் உரை. பிற்காலக் கை என்பது கடன்பட்டவர் உரை. பாஸின் மச்சான் இருவரையும் மறுத்து, அது 'பாவு' என்றே படிக்கத்தக்கது, எழுத்தின்மேல் ஒயில் சிந்திவிட்டது என்பார். தறியில் குந்தியறியாத, காரும் ஓட்டியறியாத பேராசிரியர்கள் இப்பாடத்தை ஏற்கத் தயங்கார்.

வெற்று நெசவுக்கு மிதி இரண்டே, காரில் மூன்று உளவே எனின், பிரேக் இடைச்செருகல் என்க. இக்கொள்கையை ஐயமறக் கற்றுத் தெளிந்த பஸ் சாரதிகள் மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் இன்றும் உளர்.